தையற்கடைக்கு ஏற்ற பிராணி

எங்கள் வீட்டில் ஒரு பிராணி வளர்க்கும் உரிமையை நாங்கள் மூன்று பேரும் மறியல் செய்துதான் பெற்றோம். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எதைக் கேட்பதென்றாலும் மறியல்தான் வழி என்று பிள்ளைகள்வரை நம்பியிருந்தோம். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. டீக்கடையில் பேச்சு அதுதான், பஸ்ஸில் பேச்சு அதுதான், பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் வராந்தாவில் நின்று பேசியதும் அதுதான். பள்ளிக்கூடத்துச் சதவீதக் கணக்கு கடைசிவரை பிடிபடாத என் அண்ணனுக்குக்கூட நூற்றுக்கு எவ்வளவு என்ற பேச்சு நன்றாகப் பிடிபட்டிருந்தது.

அப்பா தையற்காரர். கச்சிராயபாளையத்தில், கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையை ஒட்டி எங்கள் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறைகளில் வீடு, அதற்கும் பின்னால் தோட்டம். தோட்டம் என்றால் ஒரு புளியமரமும் துணி துவைக்கும் கல்லும்தான். அந்த வருஷம் அப்பா சட்டை தைத்ததைவிடக் கொடி தைத்ததுதான் ஜாஸ்தி. கட்டுக் கட்டாகக் கொடித்துணி வந்து இறங்கும். கொண்டுவருகிறவர்கள் மிஷினுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து நியாயம் பேசுவார்கள். அப்பா மிதித்துக்கொண்டே தலையாட்டுவார். ஆளுக்கு ஏற்ற அளவு இருக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் என்பதால், அந்தக் கோரிக்கை அவருக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. "ஒரே அளவுல தெச்சி எல்லாரையும் போட்டுக்கன்னா எப்பிடி? நம்ம பங்க நாமதான் கேக்கணும், கேக்காம யாரும் குடுக்க மாட்டாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

இதைக் கேட்டுக்கேட்டுத்தான் அண்ணனுக்குத் தைரியம் வந்தது. எதிர்வீட்டில் ஒரு வெள்ளைச் சடைநாய் வாங்கியிருந்தார்கள். அதை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சங்கிலியில் பிடித்துக்கொண்டு எங்கள் கடைவாசல் வழியாகவே நடத்திப்போனார்கள். அண்ணன் ஏழாவது படித்தான், நான் நாலாவது, தம்பிக்கு நாலு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் கடைவாசலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டோம். வெட்டுத்துணியில் ஒரு கொடி செய்து, அதில் துணிக்கு அடையாளம் போடும் சாக்பீஸால் ஒரு நாயை வரைந்திருந்தான் அண்ணன். அது பார்க்கப் பன்றியாக இருந்தது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அக்கா எங்களைத் தாண்ட முடியாமல் வெளியே நின்றார்.

அப்பா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "கோரிக்கை இன்னா?" என்று கேட்டார். கோபமே இல்லை. கொடி பிடித்தவனை அவரால் அந்த வருஷம் கோபிக்க முடியாது. உள்ளேயிருந்து அம்மாதான், "மறியல் பண்றவங்களுக்கு மத்தியானம் சோறு கெடையாது" என்று குரல் கொடுத்தாள். தம்பி உடனே எழுந்து உள்ளே போய்விட்டான். ஆனாலும் போராட்டம் வென்றது.

வென்றதும்தான் சிக்கல் ஆரம்பித்தது. எந்தப் பிராணி? அண்ணனுக்கு நாய். எனக்கு முயல். தம்பிக்கு யானை. அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "எது வந்தாலும் தின்றதுக்குப் பதிலா எதனா ஒண்ணு திருப்பிக் குடுக்கணும்." அப்பா ஒரு தையற்கடையின் பக்கமிருந்து யோசித்தார். வெள்ளைத் துணியில் முடி உதிர்க்கக் கூடாது. நூலை இழுக்கக் கூடாது. துணியைத் தின்னக் கூடாது. அதனால் ஆட்டைப் பற்றிய பேச்சே எழவில்லை. அண்ணன் ஏரியில் ஆமை கிடைக்கும் என்றான். ஆமையைப் பற்றி அம்மாவிடம் வாயைத் திறக்கக்கூட முடியவில்லை. அதன் காரணம் தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் அப்பா தனக்குத் தெரிந்த வழியையே சொன்னார். சட்டையை முதலில் கச்சாவாக ஓட்டிப் போட்டுப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு பிராணியையும் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது. பொருந்தினால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பிரித்துவிடுவது. வந்த பிராணியை முதல் வேலையாக டேப்பால் அளந்து, வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கத்தில் குறித்துக்கொண்டார். எதற்காக அளந்தார் என்று இன்றுவரை தெரியாது. அளக்காத எதையும் அவரால் நம்ப முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் நாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணன் தூக்கிவந்த குட்டி. "நீளம் பதினொண்ணு, கழுத்து ஆறரை" என்று நோட்டில் ஏறியது. இரண்டாவது நாள் அது ஒரு மாப்பிள்ளையின் கல்யாணப் பேன்ட்டில் ஒரு காலை மட்டும் கவ்விக்கொண்டு சாலைக்கு ஓடியது. மலைக்குப் போகும் பஸ் அதன்மேல் ஏறிப் போயிற்று. நாயின்மேல் அல்ல, பேன்ட்டின்மேல். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. நாய் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பியது.

அடுத்தது பூனை. அது தானாகவே வந்தது, அதனால் அதிகக் கனவோடு இருந்தோம். மிஷின் ஓடும்போது ஊசியில் ஏறி இறங்கும் நூலைத் தலையை ஆட்டி ஆட்டி ஒரு நாள் முழுக்கப் பார்த்தது. மறுநாள் பாய்ந்தது. ஒரு ஜாக்கெட்டின் இடது கை பின்பக்கம் பார்த்துத் தைக்கப்பட்டுவிட்டது. முயலைப் பற்றி எனக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சமல்ல. அது ஒன்றையும் செய்யவில்லை, மூன்று நாளும் மிஷினுக்கு அடியில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் மாலை அப்பா மிதித்தார், சக்கரம் சுற்றவில்லை. மிஷினின் தோல்வாரை அது மூன்று நாளாகப் பொறுமையாகத் தின்று முடித்திருந்தது. நான் அழுத அழுகையில் அம்மாவே மனமிரங்கி எனக்கு இன்னொரு தோசை போட்டாள்.

இத்தனையையும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. நாங்கள் அவரைத் தேன்கார மாமா என்போம். மேலே கல்வராயன் மலையில் ஏதோ ஒரு சின்ன ஊர் அவருக்கு. சந்தை நாளில் தேனும் கடுக்காயும் சாமையும் கொண்டுவந்து விற்றுவிட்டு, திரும்பும் வழியில் எங்கள் கடையில் உட்காருவார். வருஷத்துக்கு ஒருமுறை அவருக்கும் பிள்ளைகளுக்கும் திருவிழாத் துணி தைப்பது அப்பாதான். ஆள் கறுத்து, ஒடிசலாக, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பவர். அதிகம் பேச மாட்டார். ஆனால் முயல் போன அன்று நிறையக் கேட்டார். "தோட்டத்துல கீரி வருதுங்களா?" என்றார். "பக்கத்து வூட்ல யாருனா கோழி வெச்சிருக்காங்களா?" என்றார். எழுந்து போய்ப் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார். வெட்டுத்துணிக் குவியலில் கையை விட்டுச் சூடு பார்த்தார். தம்பியைக் கூப்பிட்டு அவன் கையில் ஒரு நெல்லிக்காயைக் கொடுத்து, அதை அவன் எப்படிப் பிடிக்கிறான் என்று பார்த்தார். மனிதர் ஏதோ பொழுது போகாமல் விசாரிக்கிறார் என்று நினைத்தோம்.

அடுத்த சந்தைக்கு வந்தபோது அவர் கக்கத்தில் ஒரு கோழி இருந்தது. கறுப்பும் பழுப்பும் கலந்த பொட்டைக் கோழி, கழுத்தில் மட்டும் தங்கநிறம். அப்பாவின் கையில் கொடுத்து, "வெச்சி வளங்க. குஞ்சு பொரிச்சதும் வந்து பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அம்மா அப்போது தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றிருந்தாள். அப்பா நெகிழ்ந்துபோனார். மலைக்காரர்களின் மனசு யாருக்கும் வராது என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோழி, அளவு நோட்டில் நாலாவது பிராணியாக ஏறியது.

அது பொருந்தியது. எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று அது: தையற்கடைக்கென்றே பிறந்த பிராணி கோழிதான். நூலை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துணியைத் தின்னவில்லை. காலையில் தோட்டத்தில் கிளறும். மிஷின் ஓட ஆரம்பித்ததும் உள்ளே வந்து வெட்டுத்துணிக் குவியலில் ஒரு குழி பண்ணி அதில் உட்காரும். அப்பா மிதிக்க மிதிக்க அதுவும் கொக்கொக்கென்று தாளம் போடும். தம்பி அதற்கு மிஷின் என்றே பேர் வைத்தான். நாலாம் நாள் காலையில் கொடித்துணித் துண்டுகளுக்கு நடுவே ஒரு முட்டை கிடந்தது. அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்தாள். அவள் அகராதியில் அதுதான் உத்தரவு.

பதினோரு முட்டை சேர்ந்ததும் அம்மா அடைவைத்தாள். அவள் திருநாவலூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண், இதெல்லாம் தெரிந்தவள். பழைய கூடையில் மணல் போட்டு, மேலே வெட்டுத்துணி பரப்பி, மிஷினை அதில் உட்கார்த்தினாள். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடைக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவேன். முட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை. குஞ்சுக்கு உள்ளே இருட்டாக இருக்குமா? ஓட்டை உடைக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வார்கள்? அம்மாவைக் கேட்டால், "அதுக்குத் தெரியும், நீ போய் வாய்ப்பாடு படி" என்பாள்.

அந்த நாட்களில்தான் சாலை மறியல் வந்தது. ஒரு நாள் காலை எழுந்தபோது பஸ் சத்தமே இல்லை. கள்ளக்குறிச்சிச் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பள்ளிக்கூடம் மூடியது. கடைகள் பாதிக் கதவோடு இருந்தன. போலீஸ் வண்டிகள் மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன என்றார்கள். அப்பா தைத்த கொடிகளை வாங்கிப்போனவர்களில் இரண்டு பேரைப் பற்றித் தகவல் இல்லை என்று பெரியவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள். அப்பா தையல் மிஷினில் உட்காரவேயில்லை. சாலையைப் பார்த்தபடி பெஞ்சில் இருந்தார். இவ்வளவு பெரிய விஷயம் நடக்கும்போது நான் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மறியலின் மூன்றாம் நாள் முட்டைகள் விரிசல் விட்டன. ஒன்பது குஞ்சுகள் வந்தன. அப்பாவும் வந்து கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். அந்த வாரத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அது. பிறகு பருந்து இரண்டைத் தூக்கிப்போனது. மிச்சம் ஏழு. அதில் செவலை நிறத்தில் ஒன்று எப்போதும் கடைசியாக வந்து என் பாதத்தின்மேல் ஏறி நிற்கும். அது என்னுடையது என்று நான் அறிவித்தேன். யாரும் மறுக்கவில்லை.

மரங்களை அகற்றி, பஸ் ஓடி, பள்ளிக்கூடம் திறந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துத்தான் தேன்கார மாமா வந்தார். இளைத்திருந்தார். நேராகத் தோட்டத்துக்குப் போய்ப் புளியமரத்தடியில் குந்தி, குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். இறகை ஊதிப் பார்த்தார், கால் செதிலைத் தடவிப் பார்த்தார். என் செவலையைத்தான் அதிக நேரம் வைத்திருந்தார். "இது பொட்டை. நல்லா வரும்" என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் அப்பாவிடம் திரும்பி, "அடுத்த சந்தைக்கு ஒரு கூடை கொண்டாறேங்க. பங்கு பிரிச்சிக்கலாம்" என்றார்.

அப்பா விழித்தார். அம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "வாரத்துக்கா வாங்கனீங்க?" என்றாள். அப்பாவுக்கு அந்த வார்த்தையே புதிது. பிறந்ததிலிருந்து துணியைத் தவிர வேறெதையும் அறியாத மனிதர் அவர். வாரம் என்றால் பங்குக்கு வளர்ப்பது என்று, ஊரில் ஆடு கோழி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கத்தை அன்று அம்மாதான் அவருக்குச் சொன்னாள். தாய்க்கோழி, அதைக் கொடுத்தவருக்குச் சொந்தம். வளர்ப்பவருக்கு முட்டையும் குஞ்சில் பாதியும். மீதிக் குஞ்சும் தாயும் கொடுத்தவரிடம் திரும்பிப் போகும்.

"ஒரே எடத்துல வெச்சிருந்தா, சீக்கு வந்தா மொத்தமும் பூடும்ங்க" என்றார் அவர், ஏதோ தப்பு செய்துவிட்டவரைப்போல. "அதான் கீழ ஒரு நல்ல வூடா பாத்து வித்துக்கு வெக்கறது. நீங்க அந்தப் புள்ளைங்களுக்கு இன்னா பாடுபட்டுத் தேடிக் குடுத்தீங்க, பாத்துக்கினுதான இருந்தேன்."

எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. பங்கு கேட்கிறவர்கள் எப்படி வருவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இவர் வெறுங்கையோடு வந்திருந்தார். நான் கேட்டேவிட்டேன்: "மாமா, பங்கு கேக்கறவங்க கொடி புடிக்கணும் இல்ல? மரத்த வெட்டி ரோட்டுல போடணும் இல்ல?"

அப்பா என்னை அதட்ட வாயெடுத்தார். தேன்கார மாமா புளியமரத்தைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தார். "மரத்த வெட்டிட்டா கோழி எங்கம்மா தூங்கும்?" என்றார்.

அடுத்த சந்தை வரைக்குமான அந்த ஒரு வாரம் எங்கள் வீடு துக்க வீடாக இருந்தது. மிஷின் எங்களுடையது இல்லை என்பதைத் தம்பியிடம் யாராலும் சொல்ல முடியவில்லை. அண்ணன் மறுபடியும் வாசலில் படுக்கலாம் என்றான். அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "அவுரு பங்க அவுரு கேக்கறாரு. அதுக்குக் குறுக்க படுப்பியா?" என்றார். பெஞ்சில் யாரும் இல்லாதபோது அப்பா அவ்வளவு அழுத்தமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

தாய்க்கோழியை என்னால் ஒளிக்க முடியாது, அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் செவலையை ஒளிக்கலாம். இருட்டில் வைத்தால் கோழி சத்தம் போடாது என்பதைக் கூடைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த நாட்களில் நானே கண்டுபிடித்திருந்தேன். சந்தை நாளன்று காலை, எல்லோரும் தோட்டத்தில் இருக்கும்போது செவலையைப் பிடித்துக் கடை மூலையில் இருந்த வெட்டுத்துணி மூட்டைக்குள் வைத்து, மூட்டை வாயைத் தளர்வாக முடிந்து, மேலே இரண்டு பேன்ட்டைப் போட்டேன். கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் பாவம் செய்கிறோம் என்று தோன்றவில்லை. என்னுடையதை நான் காப்பாற்றிக்கொள்கிறேன் என்றுதான் தோன்றியது.

அவர் மூங்கில் கூடையோடு வந்தார். உள்ளே நெல்பதர் பரப்பியிருந்தது. குஞ்சுகளைக் கடைக்குள் ஓட்டிவந்து கதவைச் சாத்தினோம். ஆறுதான் இருந்தன.

"ஒண்ண காணமே" என்றார் அப்பா.

"பருந்து தூக்கிக்கினு பூடுச்சி" என்றேன் நான். "காத்தால."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மிஷினின் சக்கரத்தைப் பார்த்தேன். தேன்கார மாமா மடியிலிருந்து ஒரு பிடி தினையை எடுத்து வாசற்படியில் தூவி, நாக்கை மடித்து ஒரு சத்தம் செய்தார். பா, பா, பா. மலையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்போலும். ஆறு குஞ்சும் தாயும் ஓடிவந்தன. மூட்டைக்குள்ளிருந்து, துணிக்கு அடியிலிருந்து, கீச்சென்று ஒரு மெல்லிய பதில் வந்தது.

நல்லவேளையாகத் தம்பி அதே நேரத்தில் அழ ஆரம்பித்தான். அவர் மூட்டை இருந்த மூலையைப் பார்க்கவேயில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. குனிந்து தினையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவட்டும்ங்க" என்றார். "பருந்துக்கும் ஒரு பங்கு இருக்குமில்ல?"

வளர்த்தவர்கள் முதலில் எடுக்க வேண்டும் என்பது முறையாம். அண்ணன் ஒரு சேவற்குஞ்சை எடுத்தான். அவர் ஒன்று எடுத்தார். இப்படி மூன்றும் மூன்றுமாகப் பிரிந்தன. அவருக்கு வந்ததில் இரண்டு சேவல். கடைசியாக மிஷினைப் பிடித்துக் கால்களை ஒரு கொடித்துணிக் கிழிசலால் தளரக் கட்டினார். அப்பாதான் அந்தக் கிழிசலைத் தேடிக் கொடுத்தார், உறுத்தாமல் இருக்கும்படி நல்ல மெத்தென்ற துண்டாகப் பார்த்து. தம்பி தரையில் புரண்டான். எனக்கும் அழுகைதான். ஆனால் அதற்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

போகும்போது வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்: "மேல கோழி ஒண்ணுகூட இல்லீங்க. வெள்ளக் கழிச்சல் சீக்கு வந்து எங்க ஊர்ல அத்தினி வூட்லயும் பூடுச்சி. இதுங்கள வெச்சித்தான் திரும்ப ஆரம்பிக்கணும்." நான் மூட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன். வார்த்தைகள் காதில் விழுந்தன, அவ்வளவுதான். எப்போது போவார் என்றிருந்தது எனக்கு. மிச்சத் தினையை அவர் முடிச்சோடு அம்மாவிடம் கொடுத்து, "குஞ்சுங்களுக்குப் போடுங்கம்மா" என்றார்.

சாயங்காலம் செவலையை எடுத்துத் தோட்டத்தில் விட்டேன். பருந்து கீழே போட்டுவிட்டதாகச் சொன்னேன். "ரொம்ப நல்ல மனசு அந்தப் பருந்துக்கு" என்றாள் அம்மா. அப்பா, அடுத்த முறை அவர் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்றார். ஆனால் அவர் அடுத்த சந்தைக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. செவலை வளர்ந்தது. வெட்டுத்துணிக் குவியலில் தாய் பண்ணிய அதே குழியில் உட்கார்ந்தது. ஒன்பது வயதில் ஒரு வருஷம் என்பது மிக நீளமானது. பருந்தை நான் மறந்தே போனேன்.

மறு வருஷம் மலைத் திருவிழாவுக்குத் துணி தைக்க அவர் வந்தார். கையில் ஒரு புட்டித் தேன். அப்பா எழுந்து நின்று வரவேற்று, நோட்டை விரித்து, அவரைத் திருப்பி நிறுத்தித் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, இரண்டு முறை அடைகாத்துவிட்டது என்றார். ஆனால் இந்தமுறை வந்ததெல்லாம் சேவலாகவே போயிற்று என்றார். பிறகு கைகளை விரித்தபடியே என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அந்தச் செவலைப் பொட்டை முட்டை வெக்கிதாம்மா?" என்று கேட்டார்.

பருந்து தூக்கிப்போன கோழியைப் பற்றி அவர் விசாரிக்கிறார் என்பது என் புத்தியில் ஏறவேயில்லை. என் கோழியை ஒருவர் மலையிலிருந்து ஞாபகம் வைத்துக் கேட்கிறார், அந்தச் சந்தோஷம்தான் எனக்கு. "தினம் வெக்கிது மாமா" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பாவின் கையிலிருந்த டேப் அவர் தோளிலேயே நின்றுவிட்டது. அளவை மறந்துவிட்டார்போல என்று நினைத்து, நான் எழுந்துபோய் நோட்டைப் பார்த்துப் போன வருஷத்து அளவைப் படித்துக் காட்டினேன்.